திரு இருதயக் கொடியும் ஜப்பான் கடற்படையும்

தூத்துக்குடி,
விபூதிப் புதன், 1942.

கொழும்பில் கப்பல் கம்பெனி உத்தியோகம் பார்க்கும் பிரிய மச்சான் விக்டருக்கு, உன் அக்காள் புருஷன் சிலுவை அநேக தோத்திரத்துடன் எழுதுவது. மாதா கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கும் அங்கே குறைவிராதென்று நம்புகிறேன்.

நம் பிலோமி கல்யாணம் நேற்று நடந்தேறியது. நடந்த கூத்தைக் கேள். எதிரிக் கப்பல் தென்பட்டால் துறைமுக ஆபீசுக்குத் தகவல் சொல்லும் தொண்டர் வேலையை எனக்குக் கொடுத்து, ஒரு பைனாகுலரும் தந்திருந்தார்கள். சிங்கப்பூர் விழுந்த சேதி கேட்டதிலிருந்து நான் மாடியை விட்டு இறங்கவேயில்லை. இன்று நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. நேற்று மத்தியானத்துக்குள் தாலி ஏறியாக வேண்டும். மணப்பாட்டு மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வருவதாகப் பேச்சு. காலைப் பூசை முடிந்தும் ஆளைக் காணோம்.

"மவ கல்யாணம் நிக்கப்போவுது, இங்கன கப்பலயா பாக்கீரு?" என்று உன் அக்காள் அந்தோணியம்மாள் அழுதாள். அந்த நேரம் பார்த்து முயல்தீவுக்கு அப்பால் மூன்று பாய்மரம், வெள்ளைக் கொடி, நடுவில் சிவப்பு வட்டம்! ஜப்பான்காரன் பாய்மரத்திலா வருவான் என்று நீ கேட்பாய். தந்திரக்காரன், வருவான் என்றுதான் எனக்குப் பட்டது. ஓடிப்போய்ச் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, கடலில் டமார் டமார்! கடைகள் சாத்தியாச்சு, மேளக்காரன் மேளத்தைப் போட்டுட்டு ஓட்டம், பந்தலில் மிஞ்சியது பொண்ணும் சோத்து அண்டாவும்.

துப்பாக்கிப் போலீசோடு சர்க்கார் மோட்டார் லாஞ்சு பறந்தது. போய்ப் பார்த்தால், கோட்டுப் போட்ட மாப்பிள்ளை ரோச் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்! பெட்ரோல் இல்லாமல் பஸ் நின்றுபோய்த் தோணி ஏறியிருக்கிறார்கள். கொடி திரு இருதயக் கொடி. வட்டமென்று நான் கண்டது ஆண்டவருடைய இருதயம். காற்று செத்துத் தோணி நகராததால் நம்மைக் கூப்பிடத்தான் அதிர்வேட்டுப் போட்டார்களாம்.

"அழாதீரும் மாப்பிள்ளே, கைதியாக் கொண்டுபோயிக் கோயில் வாசல்லயே எறக்கிருதேன்" என்று இன்ஸ்பெக்டர் கயிறு கட்டி மூன்று தோணியையும் இழுத்து வந்தார். மத்தியான மணி அடிக்குமுன் தாலி ஏறியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது மச்சான். இன்ஸ்பெக்டர் இரண்டு பந்தி சாப்பிட்டார். ஆனாலும் எனக்கு வெட்கம் தாளவில்லை. பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன்.

பனிமய மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாளாக.

அன்புள்ள அத்தான்,
சிலுவை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சம்பந்தி கிருபை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "காத்து செத்தது தெரிஞ்சி, தந்திரமா சர்க்கார் லாஞ்சியே எங்கள இழுக்க வச்சீரே சம்பந்தி, உமக்கு என்ன மூளவே!" என்றார். வந்திருக்கும் மணப்பாட்டுக்காரர் எல்லாரிடமும் இதே பேச்சாம். நானும் மீசையைத் தடவிக்கொண்டேன். ஆகையால் மேலே உள்ளதை நீ படிக்கவில்லை. அது இருதயந்தான் என்று எனக்கு முதலிலேயே தெரியும்.