விகோவின் வயிறு

போதகர் கண்ணை மூடி, "கர்த்தாவே, இந்த வீட்டை நிரப்பும்" என்று ஜெபித்த நேரத்தில்தான் நாய் குசு விட்டது. வீடு நிரம்பியது.

சபையிலிருந்து வந்திருந்த மேரிகிறேஸ் அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல் சமாளித்தார். செத்தவீடு நடந்து ஒரு மாதம்கூட ஆகாத வீட்டில் அது எடுபட்டது. அந்த வீட்டு மகள் தபிதாவுக்குத்தான் வெட்கத்தில் உயிர் போனது.

விகோ, அம்மா ரூத் ஆசையாக வளர்த்த நாய். அம்மா போனபின் டென்மார்க்கின் பிராண்டே நகர வீட்டில் அப்பா ஜெயசிங்கமும் அதுவும்தான் மிச்சம். தபிதா வேலை முடிந்ததும் கோல்டிங்கிலிருந்து கார் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போவாள். நாற்றம் தாங்காமல் ஜெபத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். நாயை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தாள்.

"அதுவும் போனா இந்த வீட்டில எனக்கு ஆர் இருக்கு?" என்றார் அப்பா.

மனிதர் உடைந்துவிடுவாரோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தாள். ஒரே ஆறுதல், அவருடைய சாப்பாட்டுக்குக் குறைவில்லை. துக்கவீட்டில் சமைக்க விடக்கூடாதென்று சபைச் சகோதரிகள் முறைவைத்துக் கொண்டுவந்த சட்டிகள், கழுவத் தேவையில்லாத அளவுக்குச் சுத்தமாகத் திரும்பிப் போயின.

ஆகவே நாயைத் திருத்தினால் போதும். வாயுக்கென்றே விற்கும் விலை கூடிய தீனியை வாங்கினாள். விகோ அதை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தது. நீண்ட நடை கூட்டிப்போனாள். பக்கத்து வீட்டு டெனிஸ்காரர் வேலியருகே வந்து கதைப்பதை நிறுத்திவிட்டார்.

இறைச்சிதான் காரணமென்று அடுத்ததாகத் தோன்றியது. மேரிகிறேஸ் அக்காவுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு மரக்கறியாக் கொண்டுவாங்கோ. இறைச்சி எண்டா அப்பா அதில ஒரு துண்டை நாய்க்குப் போட்டிடுவார்."

சகோதரிகள் கருணை காட்டவில்லை. பருப்பு, கடலை, முட்டைக்கோவா வறை என்று வந்திறங்கியது. சட்டி காலியாகக் காலியாக, ஜெயசிங்கம் அண்ணைக்குப் பிடித்துவிட்டது என்று இன்னும் பெரிய சட்டியில் கொண்டுவந்தார்கள். அடுத்த ஜெபம் ஆமென்வரை போகவில்லை.

கடைசியில் மிருக வைத்தியரிடம் போனார்கள். வைத்தியர் ஓர் இளம் பெண். வயிற்றை மெல்ல அழுத்தினார். விகோ தரையெல்லாம் வாந்தி எடுத்தது. மேரிகிறேஸ் அக்காவின் கடலையும் கிளோறியா அக்காவின் கோவா வறையும் தபிதாவுக்கு அடையாளம் தெரிந்தன. வாந்தி நிற்கிறமாதிரி இல்லை.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா, மிச்சத்தை நாய்க்குப் போடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"ஓம் பிள்ளை," என்றார் அவர். நாயின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

என்ன விஷயமென்று வைத்தியர் கேட்டார். அப்பா சாப்பிட்ட மிச்சத்தைப் போடுகிறார் என்று தபிதா டெனிஸில் சொன்னாள். வைத்தியர் நாயை எடை போட்டுப் பார்த்தார். பிறகு ஜெயசிங்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது மிச்சம் இல்லை, ஓர் ஆளின் முழுச் சாப்பாடு," என்றார். "அந்த ஆள் என்ன சாப்பிடுகிறார்?"