எஞ்சினுக்குப் பத்தியம்

ஐந்தருவி ஏற்றத்தில் ஒரு ஷேர் ஆட்டோ என் காரை முந்திய அன்றுதான் நான் அந்தச் சபதத்தை எடுத்தேன்.

வெறும் ஆட்டோ என்றால் மன்னித்திருப்பேன். அதற்குள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் அருவியில் குளிக்க உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்திருந்தார்கள். பின்னால் தொங்கிக்கொண்டு வந்தவர், சாரலில் பளபளத்தபடி என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, தள்ளணுமா?" என்று கேட்டார்.

பக்கத்து சீட்டில் இருந்த என் மனைவி அனுசியா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"இனிமே இந்த ரோட்டுல ஒரு பய என்னைய முந்தக் கூடாது" என்றேன்.

"முதல்ல கியர மாத்துங்க. புகையுது" என்றாள்.

என் பெயர் இசக்கியப்பன். வீடு தென்காசி. வேலை ஆலங்குளம் தாலுகா ஆபீசில். பதினெட்டு வயதான ஒரு சின்னக் கார் எனக்கு உண்டு. நாலு சிலிண்டர். அனுசியா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு ஊர் தவறாமல் சொந்தம். சங்கரன்கோவிலில் பெரியம்மா, ராஜபாளையத்தில் அத்தை, நாகர்கோவிலில் சித்தி, கோவில்பட்டியில் அக்கா. எங்கே கூப்பிட்டாலும் என் பதில் ஒன்றுதான். "வண்டி இழுக்காதுட்டி." பத்து வருசமாக அந்த ஒரு வாக்கியம் என்னைக் காப்பாற்றி வந்தது.

மறுநாளே மெக்கானிக் மூசாவின் கடையில் போய் நின்றேன்.

"சிலிண்டரக் கடைஞ்சு ரெண்டு மில்லிமீட்டர் அகலமாக்கலாம், அண்ணாச்சி" என்றார் மூசா. "பெரிய பிஸ்டன் போட்டா உள்ள எடம் கூடும். எடம் கூடுனா காத்தும் பெட்ரோலும் கூடப் போகும். அடி பலமா விழும்."

அந்த 'அடி' எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து அனுசியாவிடம் சொன்னேன். திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள்.

"சிலிண்டரு இப்ப எவ்வளவு அகலம்?"

"எழுபத்திரண்டு மில்லிமீட்டர். எழுபத்திநாலு ஆகும்."

"பிஸ்டன் எவ்வளவு தூரம் போயிட்டு வருது?"

"அறுபத்தியொண்ணு."

சிவப்புப் பேனாவால் நாலு வரி எழுதினாள்.

"ஐம்பத்தாறு சிசி கூடுது."

"பாத்தியா!"

"ஐம்பத்தாறு சிசின்னா ஐம்பத்தாறு மில்லி. அலமாரியில இருக்க இருமல் மருந்து பாட்டிலு நூறு மில்லி. அரை பாட்டிலுக்கா எஞ்சினப் பிரிக்கப் போறிய?"

எனக்கு உண்மையிலேயே இருமல் வந்தது.

மறுபடி மூசாவிடம் ஓடினேன். "அரை பாட்டில் பத்தாது மூசா. இன்னும் கூட்டணும்."

"இதுக்கு மேல கடைஞ்சா சுவர் மெலிஞ்சிரும். சூடு தாங்காது. வேணும்னா பிஸ்டன ஆட்டுத கிராங்க மாத்துவோம். பிஸ்டன் இன்னும் அஞ்சு மில்லிமீட்டர் கீழ எறங்கி ஏறும். கிணத்த அகலப்படுத்தி, தூரும் வாருத மாதிரின்னு வைங்க."

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதே கத்தினேன். "அனுசியா, நூத்தி நாப்பத்திரண்டு சிசி!"

"ஒரு டம்ளர் காப்பி" என்றாள் அடுப்படியிலிருந்து.

நான் சோபாவில் சரிந்தேன். அவளே காப்பியோடு வந்தாள். அந்த டம்ளரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏங்க, இதச் செஞ்சா வண்டி நல்லா இழுக்கும்லா?"

"மலையவே இழுக்கும்."

"மனசறிஞ்சுதான சொல்லுதிய? பெறவு இழுக்காதுன்னு சொல்லக் கூடாது."

"சத்தியமா."

"அப்பம் செஞ்சிருங்க" என்றாள்.

கல்யாணமாகிப் பதினாலு வருசத்தில் நான் கேட்ட எதற்கும் அவள் இத்தனை சீக்கிரம் சரி சொன்னதில்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இருபது நாளில் வேலை முடிந்தது. அன்று பார்த்து எங்கள் ஆபீசில் ஜமாபந்தி, வருசக் கணக்குத் தணிக்கை. அசைய முடியவில்லை. மூசாவே காரைக் கொண்டுவந்து வீட்டில் விட்டார். அவர் மகள் பர்சானா அனுசியாவின் வகுப்பு. டீச்சர் வாசலில் நின்றால் மூசா கைலியை இறக்கிவிட்டுத்தான் பேசுவார்.

சாயங்காலம் நான் வந்தபோது காரின் நெற்றியில் சந்தனப் பொட்டு இருந்தது.

"சாவிய எடு. ஐந்தருவி வரைக்கும் ஒரு மிதி மிதிச்சிட்டு வாரேன்."

"மிதிக்கக் கூடாது" என்றாள். "புது பிஸ்டன், புது ரிங்கு. உரசி உரசித்தான் படியுமாம். அதுவரைக்கும் பத்தியம். நாப்பதுக்கு மேல போகக் கூடாது."

"எத்தன நாளைக்கு?"

"நாளு இல்லங்க, தூரம். மூவாயிரம் கிலோமீட்டர்."

உடனே மூசாவுக்குப் போன் போட்டேன். அங்கே எதையோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா அண்ணாச்சி! படியுத வரைக்கும் மெதுவாத்தான் ஓட்டணும்! டீச்சர்ட்ட எல்லாம் வெவரமா சொல்லியிருக்கேன்! அவங்க சொல்லுதபடி செய்யுங்க!"

வைத்துவிட்டார். அனுசியா கட்டம் போட்ட தாள் ஒன்றை நீட்டினாள்.

"ஒரே ரோட்டுல ஒரே வேகத்துல போனாலும் படியாதாம். ஏத்தம் எறக்கம் வளைவு எல்லாம் வேணுமாம். அதான் ஒரு கணக்குப் போட்டேன்."

சங்கரன்கோவில். ராஜபாளையம். கோவில்பட்டி. நாகர்கோவில், இரண்டு முறை. அச்சன்புதூரில் அவள் அம்மா வீடு, வாரந்தோறும். நான் வாயைத் திறந்தேன். வழக்கமாக வரும் வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. நூற்று நாற்பத்திரண்டு சிசி அதைத் திருப்பி அனுப்பியது.

சனிக்கிழமைதோறும் கிளம்பினோம். நாற்பதில் போனால் எல்லாரும் முந்துவார்கள். லாரி முந்தியது. மினி பஸ் முந்தியது. கடையநல்லூர் தாண்டி வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னது. என் எஞ்சினுக்குள் ஒரு டம்ளர் காப்பி ததும்பிக்கொண்டிருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

சங்கரன்கோவிலில் பெரியம்மா வடிவாம்பாள் காரில் ஒரு சுற்று வந்துவிட்டு உருகிப்போனார். "மாப்ளே மாதிரி நிதானமா ஓட்டுத ஆளு நம்ம வகையறாவுலேயே கெடையாது. வயித்துல தண்ணி கூட அலம்பல."

இந்தப் பேர் மாவட்டம் தாண்டிப் பரவியது. அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு இரண்டாவது அதிரசம் வந்தது. பின் சீட்டில் யாராவது இரண்டு அத்தைகள் ஏறிக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. நாற்பதில் போனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது நன்றாகக் காதில் விழும். அனுசியா நீளம் தாண்டுவதில் மாவட்டப் பரிசு வாங்கியவள் என்பது, பதினாலு வருசம் கழித்து, புளியங்குடி தாண்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது. "ஏன் சொல்லவே இல்ல?" என்றேன். "நீங்க எப்பம் கேட்டிய?" என்றாள். அதற்கப்புறம் வாசுதேவநல்லூர் வரை நான்தான் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் கடைசியில், வேலை முடிந்ததிலிருந்து ஓடிய தூரம் மூவாயிரத்தைத் தொட்டது. அருவி சீசன் முடிந்திருந்தது. இருந்தாலும் மீசையை முறுக்கிக்கொண்டு மூசா கடையில் போய் இறங்கினேன்.

"மூசா, மூவாயிரம் முடிஞ்சிட்டு! இனி மிதிக்கலாம்லா?"

"என்ன மூவாயிரம்?"

"பத்தியம்!"

மூசா கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது ஐநூறுலயே முடிஞ்சிருக்குமே அண்ணாச்சி. டீச்சர்ட்ட ஐநூறுன்னுதான சொன்னேன். தாளுலயும் எழுதிக் கொடுத்தேனே."

காரை எடுத்தேன். வீட்டு வாசலில் நிறுத்தினேன். செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். அனுசியா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஐநூற மூவாயிரமா ஆக்கியிருக்க! நீயெல்லாம் ஒரு கணக்கு டீச்சராட்டி?"

அவள் நிமிரவில்லை.

"மூசாதான் சொல்லிட்டார்ல, மிதிக்கலாம்னு. இப்பம் அங்கன இருந்து எவ்வளவு வேகத்துல வந்திய?"

யோசித்துப் பார்த்தேன். ரோடு காலியாகத்தான் இருந்தது. நான் கொலைவெறியில் இருந்தேன். இருந்தாலும்...

"நாப்பது" என்றேன்.

அனுசியா ஒரு காம்பை உருவிப் போட்டாள். "எஞ்சின் ஐநூறுலயே படிஞ்சிட்டுங்க. நீங்க படியத்தான் மூவாயிரம் ஆச்சு."