தோட்டா அண்ணையின் சன்னத் தட்டு

சென்ற உலகப் போரில் கடைசிவரை ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காத ஒரே படை எங்கள் வெள்ளவத்தைச் சம்மரியில் இருந்த தோட்டா அண்ணைதான். மற்றவர்கள் ஜேர்மனியோடும் ஜப்பானோடும் சண்டை பிடித்தார்கள். அது சுலபமான வேலை. தோட்டா அண்ணை சண்டை பிடித்தது எங்கள் ஒழுங்கை முனையில் குடியிருந்த இரும்புக்கடை முதலாளியோடு.

சம்மரி என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊரிலிருந்து உத்தியோகத்துக்கு வந்த கிளாக்கர்மார், வாடகையையும் சமையற்காரரையும் பங்குபோட்டுக்கொண்டு ஒரே வீட்டில் கிடப்பது. நாங்கள் ஆறு பேர். ஏழாவது ஆள் தோட்டா அண்ணை. வயதில் எல்லோருக்கும் மூத்தவர், புதுக்கடையில் ஒரு பிரக்கிராசியாரிடம் வழக்குத்தாள் எழுதும் வேலை. அவருக்கு வீடில்லை, காணியில்லை, மனைவியில்லை. லைசென்ஸ் எடுத்த இரட்டைக்குழல் துவக்கு ஒன்றிருந்தது. கட்டிலில் இரண்டாவது தலையணை அதற்குத்தான். பெண் பேசி வந்த ஒரு தரகர் அந்தத் தலையணையைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்.

ஞாயிறு காலை துவக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிருலப்பனைச் சதுப்புக்குப் போவார். கானாங்கோழி, உள்ளான், அதிர்ஷ்டம் இருந்தால் காட்டுத்தாரா. மத்தியானம் எங்களுக்கு இறைச்சிக் கறி. யுத்தம் வந்து அரிசிக்கும் சீனிக்கும் கூப்பன் வந்தபோது, கொழும்பில் ஞாயிறுதோறும் இறைச்சி சாப்பிட்டவர்கள் கவர்னரும் நாங்களும்தான் என்று நினைக்கிறேன்.

தோட்டாவின் விலை ஏற ஏற, அண்ணையின் மூளையும் ஏறியது. சுட்ட தோட்டாக் கோதுகளை எறியாமல், வீட்டிலேயே திரும்ப நிரப்பத் தொடங்கினார். சனிக்கிழமை பின்னேரங்களில் சம்மரியில் ஊரடங்கு. யன்னல்கள் சாத்தப்படும், அடுப்பு அணைக்கப்படும்.

"தும்மிற ஆக்கள் இப்பவே வெளியில போங்கோ! ஒரு சிட்டிகை வெடிமருந்து பறந்தா எனக்கு அரைக் கோழி நட்டம்!"

மருந்துக்கும், சன்னம் என்கிற ஈயக் குண்டுமணிகளுக்கும் நடுவே வைக்கும் தக்கைக்குத் தடித்த கம்பளி வேண்டும். ஒரு திங்கட்கிழமை கந்தோருக்குப் புறப்பட என் கம்பளித் தொப்பியை எடுத்தால் உச்சியில் வட்ட வட்டமாக ஏழு துளைகள்.

"அண்ணை, இது என்ன அநியாயம்!"

"ஐசே, கொழும்பு வெக்கைக்கு மண்டையில காத்துப் படவேணும். நல்லதுக்குத்தான் செய்தனான்."

ஒவ்வொரு கோதுக்கும் எங்களில் ஒருவருடைய பெயரை வைத்திருந்தார். வாய் பிளந்த ஒன்றுக்கு என் பெயர். நான் அதிகம் கதைக்கிறேனாம். ஒருமுறை அவரோடு சதுப்புக்குப் போனேன். கொழுத்த தாரா ஒன்று விழுந்தது. மறு தோட்டாவைப் போடும் அவசரத்தில் பழைய கோது அவர் கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. நான் தாராவை நோக்கி ஓடினேன்.

"அதை விடும்! முதல் உம்மைத் தேடும்!" என்று கத்தினார். நழுவியது நான்தான். முழங்கால் சேற்றில் இரண்டு மணித்தியாலம் என்னை நானே தேடிக் கண்டுபிடித்தேன். தாராவை நரி கொண்டு போய்விட்டது.

இவற்றுக்கெல்லாம் மேலானது சன்னத் தட்டு. சாப்பாட்டு மேசையின் நடுவில் ஒரு பீங்கான் தட்டு இருக்கும். இறைச்சியில் ஈயச் சன்னம் பல்லில் பட்டால் அதை எடுத்து அந்தத் தட்டில் போட வேண்டும். டிங்! அண்ணை அதைக் கழுவி, தன் கொக்கோ டின்னில் சேர்ப்பார், அடுத்த கிழமைக்கு. அவசரமாக விழுங்கியவர்களுக்கு அர்ச்சனை நடக்கும். "அது உம்மட வயித்துக்க இருந்து என்ன செய்யப்போகுது? முட்டை போடுமோ?"

மருந்துக்கும் சன்னத்துக்கும் எப்படியோ வழி பண்ணியவர், கேப்பில் வந்து மாட்டிக்கொண்டார். கேப்பு என்பது கோதின் அடியில் வைக்கும் சிறு செப்பு மூடி. துவக்கின் ஊசி அதில் அடித்தால்தான் வெடிக்கும். அதற்கு மாற்றுக் கிடையாது, வெளியிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். கொழும்பு முழுவதும் அலைந்துவிட்டு, கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளியின் கடைக்குப் போனார்.

"எங்க ஐயா இப்ப கேப்பு? கப்பல் வந்தாலெல்லோ," என்றார் முதலாளி.

"உந்தத் திரைக்குப் பின்னால அடுக்கியிருக்கிறது என்ன?"

"அது வேற ஆளுக்கு எடுத்து வைச்சது. பழைய விலையைப்போல அஞ்சு மடங்கு தாற ஆள்." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "உமக்கு ஏன் இந்தக் கரைச்சல்? துவக்கை என்னட்டைத் தாரும். நல்ல விலை தாறன்."

தோட்டா அண்ணையின் மீசை துடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"இஞ்ச பாரும். யுத்தம் முடியுமட்டும் உம்மட கள்ள விலைக்கு ஒரு கேப்பும் வாங்கமாட்டன். ஒரு ஞாயிறும் வெறுங்கையோட உம்மட வாசலைக் கடக்கவும் மாட்டன். கடந்தனெண்டா அண்டைக்குப் பின்னேரமே துவக்கு உம்மட வீட்டில. காசு வேண்டாம், சும்மா!"

அந்தத் துவக்குப் போனால் மனுசன் ஒரு மாதம்கூட உயிரோடு இருக்கமாட்டார். அவரிடம் பதினொரு கேப்புகள் மட்டுமே மிச்சம் என்பதும் எனக்குத் தெரியும்.

பதினொரு கேப்பும் முடியவேண்டிய காலம் முடிந்தது. ஆனால் ஞாயிறு தவறாமல் அண்ணை முதலாளியின் வாசலில் மணியடித்தபடி, சைக்கிளில் இரண்டு கானாங்கோழிகள் தொங்க, ராசா மாதிரி வந்துகொண்டிருந்தார். கறியும் வந்தது. தட்டு மட்டும் டிங் என்று ஒலிக்கவில்லை. ஒரு சன்னம்கூட இல்லை.

"சுத்தமான வெடி," என்றார் அண்ணை. "உள்ளுக்குப் போன சன்னம் மற்றப் பக்கத்தால வெளியில வந்திட்டுது."

அடுத்த ஞாயிறும் சுத்தமான வெடி. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. நாளுக்கு நாலு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடிக்கிற மனுசன், சீனி பல்லுக்குக் கூடாது என்று திடீரென நிறுத்தியும்விட்டார்.

நாலாம் ஞாயிறு காலை கிருலப்பனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற வழியில், சதுப்பு வரம்பில் அண்ணையைக் கண்டேன். பக்கத்தில் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிற ஒரு சிங்களவர். அண்ணை ஒரு கடதாசிச் சரையை நீட்டினார். அந்த ஆள் கையில் நிறுத்துப் பார்த்தார்.

"சீனி மதி, மஹத்தயா."

சீனி போதாதாம். அண்ணை சட்டைப் பையிலிருந்து இன்னொரு சரையை எடுத்தார். கால் கட்டிய இரண்டு கோழிகள் உயிரோடு கைமாறின. நான் ஒரு பனிச்சை மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். சிரிப்பு வந்தது. ஒருவருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலாளிக்கு நித்திரை இல்லை. கொழும்பில் யாரிடமும் கேப்பு இல்லை என்று விசாரித்து அறிந்தவர், இந்த மனுசனுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று குழம்பினார். சன்னத் தட்டின் கதை ஒழுங்கை முழுவதும் தெரிந்த கதைதானே. அவர் அந்தத் தட்டைப் பார்க்க வரப்போகிறார் என்ற கதையும் அண்ணையைத் தவிர எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. அடுத்த ஞாயிறு மத்தியானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார்.

"உம்மட வேட்டைக் கறியை நானும் ஒருக்கா ருசி பாக்கவேணும்."

"தாராளமா," என்றார் அண்ணை. முகம் மட்டும் சுண்ணாம்பு பூசினாற்போல் இருந்தது.

முதலாளி சாப்பிடவில்லை, விசாரணை நடத்தினார். ஒவ்வொரு துண்டையும் பிய்த்தார், மென்றார், எலும்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தட்டு வெறுமையாகக் கிடந்தது.

"சன்னத்தைக் காணேல்லையே?" என்று மெதுவாகச் சிரித்தார். "கோழி பயத்தில செத்ததோ?"

நான் காலையிலேயே கொக்கோ டின்னிலிருந்து நாலு சன்னம் திருடி மடியில் வைத்திருந்தேன். ஒன்றை வாய்க்குள் தள்ளிப் பல்லைக் கடித்து முகத்தைச் சுளித்து எடுத்துத் தட்டில் போட்டேன். டிங்!

அண்ணை திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு டிங். பக்கத்திலிருந்தவன், "ஐயோ என்ர பல்லு!" என்று அலறினான். டிங் டிங். மேசை முழுவதும் பல்வலி. கறிச் சட்டியோடு வந்த சமையற்காரர்கூட, "சட்டிக்க கிடந்தது, ஐயா," என்று மூன்றைப் போட்டார். ஆளாளுக்குத் தனித்தனியாகக் கண்டுபிடித்து, தனித்தனியாக வாயை மூடிக்கொண்டு, தனித்தனியாகத் திருடியிருக்கிறார்கள்! ஒருவன் துவக்குக் குழலில் மருந்து மணம் இல்லையென்று அறிந்தானாம். சமையற்காரர் கோழியின் முறுக்கிய கழுத்தைப் பார்த்து அறிந்தாராம். அதெல்லாம் பிறகு கேட்ட கதை.

முதலாளி தட்டை எண்ணினார்.

"ரெண்டு சின்னக் கோழிக்கு இருவத்தாறு சன்னமோ?"

தோட்டா அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். மீசை பழையபடி துடித்தது.

"எனக்கென்ன தட்டுப்பாடே? ரெண்டு குழலாலையும் விட்டனான். மனம் வந்தா மூண்டாந்தரமும் விடுவன்!"

"எங்க ஐயா வாங்கிறீர்?"

"அது வேற ஆளுக்கு எடுத்து வைச்சது," என்றார் அண்ணை. "கறி விடட்டே?"

முதலாளி கறி வேண்டாம் என்று கை கழுவிக்கொண்டு போனார். துவக்கைப் பற்றி அதன்பிறகு அவர் மூச்சும் விடவில்லை. யுத்தம் முடியும்வரை அது இரண்டாவது தலையணையிலேயே படுத்திருந்தது.

அன்று முதலாளி படலையைத் தாண்டியதும் அண்ணை தட்டைக் கையில் எடுத்தார். நாங்கள் ஆறு பேரும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சன்னங்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துக் கொக்கோ டின்னுக்குள் போட்டு, மூடியை இறுக்கினார்.

"டின் சரி. ஒண்டும் குறையேல்லை," என்றார்.

மறுநாள் காலை அவருடைய தேத்தண்ணியில் நாங்கள் ஆறு பேரும் எங்கள் பங்கிலிருந்து ஆளுக்கொரு கரண்டி சீனி போட்டிருந்தோம். இதைப் பற்றியும் நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. அண்ணை ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"விசருகளே, இது தேத்தண்ணியோ சீனிப் பாணியோ?" என்றார்.

கடைசிச் சொட்டுவரை குடித்து, அடியில் கிடந்த சீனியை விரலால் வழித்தும் சாப்பிட்டார்.