கொட்டாவி விடாத மச்சானுக்கு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நாங்கள் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. நேற்று வாசகசாலைக் கூட்டத்தில் தலைவர் நாற்காலியில்தான் பார்த்தேனே.

என் கல்யாணத்தன்று நன்றி சொல்ல எழுந்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்து கடைவாய்ப் பல் தெரியக் கொட்டாவி விட்டீர்கள். என் பதவி உயர்வு விருந்திலும் அதே வாய், அதே அகலம். போன மாதம் வாசகசாலைப் படியில் தோளில் தட்டி, "மாப்ளே, அடுத்த கூட்டத்துல நீங்க பேசுங்க. நாலு பேருக்குத் தகவலா இருக்கணும். புகார் மட்டும் வேணாம்" என்று சிரித்தீர்கள். தலைப்பை அந்தப் படியிலேயே முடிவு செய்துவிட்டேன்: கொட்டாவி. அதைப் பற்றிக் கேட்கிறவர்களால் அதை அடக்க முடியாது. நீங்கள் வாயைத் திறந்ததும் விரலை நீட்டி, "இதோ உதாரணம்" என்று சபைக்குக் காட்டுவதாகத் திட்டம்.

கொட்டாவி என்றால் என்ன, ஏன் வருகிறது, எப்படிப் பரவுகிறது என்று பேச்சை மூன்றாகப் பிரித்தேன். 'ஏன்' என்பதில் மாட்டிக்கொண்டேன். மூளையைக் குளிர்விக்க என்கிறது ஒரு புத்தகம், விழிப்பாக வைக்க என்கிறது இன்னொன்று, உறுதியாக யாருக்கும் தெரியாது என்கிறது மூன்றாவது. சரி, நேரில் பார்த்துவிடுவோம் என்று வங்கிக்குப் போய், ஓயாமல் கொட்டாவி விடும் காவலாளிக்கு எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து வந்து, "சார், ரொம்ப நேரமா என் வாயையே பாக்குறீங்க, எதையோ எழுதுறீங்க. என்ன விஷயம்?" என்றார். ஆராய்ச்சி என்றேன். "அதை மேனேஜர்கிட்ட சொல்லுங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். மேனேஜர் என் குறிப்புகளைப் படித்துப் பாதியிலேயே கொட்டாவி விட்டார். அதனால் நம்பி அனுப்பினார். வீட்டில் ஒத்திகை பார்த்தால் உங்கள் தங்கை, "நல்லா இருக்குங்க... ஆஆவ்... நெசமாத்தான் சொல்றேன்" என்கிறாள். கோபித்துக்கொள்வதா, மகிழ்வதா?

நேற்று நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. வரிசை வரிசையாக வாய்கள் திறந்தன. பொருளாளர் அம்மா கைப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். நீங்கள் மட்டும் கைக்குட்டையால் தாடையைப் பிடித்தபடி, கண் கலங்க, முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நீட்ட வைத்திருந்த விரல் பையிலேயே கிடந்தது. முடிந்ததும் மெல்லிய குரலில், "மாப்ளே, நாம கொட்டாவி விட்டா எங்க வீட்டு நாயும் விடுதே, அது ஏன்?" என்றீர்கள். அப்படி நடப்பதுண்டு, காரணம் எனக்குத் தெரியாது என்றேன். "தெரியாததைத் தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, அது நல்லா இருந்துச்சு." சபை கைதட்டியது.

உங்கள் குடும்பத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருந்த முதல் ஆள் நீங்கள்தான். கல்யாண நாளிலிருந்து ஊட்டி வளர்த்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பேன்? இப்படியா மச்சான் ஒரு மனுஷனைக் கவுக்கிறது? இதுதான் என் புகார்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். நாய்க்கு அன்பு.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தங்கை சொல்கிறாள், நேற்றுக் காலை உங்களுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்களாம், வாயை அகலத் திறக்கக் கூடாது என்று மருத்துவர் உத்தரவாம்! அதுதானா அந்தக் கைக்குட்டை, அந்தக் கண்ணீர்? பழைய கோபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன். ஆனால் அந்த வலியோடும் நாயைப் பற்றிக் கேட்டீர்களே, மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கும் என் பெயரையே போடுங்கள். தலைப்பு பல்வலி; ஆராய்ச்சிக்கு உங்கள் வீட்டுக்கே வருகிறேன். நான் இப்படி இளகிப்போனது வெளியே தெரிந்தால் என் மரியாதை என்னாவது? ஆகவே இதைக் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.