முன் பிரேக்கைக் கட்டிப்போட்ட சங்கம்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்துப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. முன் சக்கரத்தை நிறுத்துவது ஆபத்து என்று கண்டுபிடித்த பெருமை மட்டும் கர்நாடக மலைப்பகுதியான மலெநாட்டின் நீரடிகொப்பா பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தையே சேரும். இந்த உண்மை சங்கத் தலைவர் பசவேகௌடருக்கு ஒரு நொடியில் தோன்றியது. அந்த நொடியில் அவர் தலைகீழாக இருந்தார்.

நடந்தது இதுதான். கௌடர் தம் மோட்டார் சைக்கிளில் சங்க வாசலுக்குத் திரும்பினார். அங்கே எதிரணிக்காரர் ஒரு பேனர் கட்டியிருந்தார். அதில் அவருடைய முகம், பக்கத்துப் பேனரில் இருந்த கௌடரின் முகத்தைவிட இரண்டு மடங்கு பெரியது. வண்டி சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது, தரையில் ஈரப் பாக்குமட்டை கிடந்தது. இரண்டையும் பொருட்படுத்தாத தலைவர், வலக் கையால் முன் பிரேக்கை ஒரேயடியாக இறுக்கிப் பிடித்தார். வண்டி ஓரிடத்தில் விழ, தலைவர் சாணக் குவியலில் ‘எழுந்தருளினார்’.

உடனே மூவர் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஒருவர் ஜீப் வைத்திருந்தார். இன்னொருவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்தே பழகியவர். மூன்றாமவர் வண்டி என்றாலே பயந்து நடந்து வருகிறவர். மோட்டார் சைக்கிளை ஓட்டிய கறை ஒருவர் கையிலும் இல்லாததால் பாரபட்சத்துக்கு இடமே இல்லை என்று செயலாளர் ஐதாளர் குறிப்பேட்டில் எழுதினார்.

குழு பேனரை விசாரிக்கவில்லை. பாக்குமட்டையையும் விசாரிக்கவில்லை. கௌடரை விசாரிப்பது மரியாதை அல்ல. மிஞ்சியது முன் பிரேக். அதற்குச் சார்பாகப் பேச அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவன்தான் எழுந்தான். பால் கேன் கட்டிய சங்கத்து மோட்டார் சைக்கிளைப் பதினோரு வளைவு இறக்கத்தில் தினமும் ஓட்டுகிற தம்மையா.

"கௌடரே, தப்பா நினைக்காதீங்க. இறக்கத்துல பாரமெல்லாம் முன் சக்கரத்து மேலதான் வந்து குந்தும். பின்னாடி பிரேக்கை மட்டும் மிதிச்சா, பின் சக்கரம் சுத்தாம நின்னு வழுக்கிக்கிட்டே போகும். வண்டியை நேரா நிறுத்தி, ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கணும்."

"நான் பிடிச்சேனே! உதைச்சுச்சே!"

"நீங்க வெடுக்குனு இழுத்தீங்க. பசுவோட காம்பை அப்படி இழுத்தா அதுவும்தான் உதைக்கும். முதல்ல மெல்லத் தொட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அழுத்தணும்."

பால்காரர்கள் நிறைந்த சபை. உவமை எல்லோருக்கும் சட்டென்று பிடிபட்டது. தம்மையாவின் துரதிர்ஷ்டம், அது வேறு மாதிரியாகப் பிடிபட்டுவிட்டது.

"அப்ப இது உதைக்கிற மாடுங்கிறே?" என்றார் கௌடர்.

"அப்படி இல்லே..."

"உதைக்கிற மாட்டை என்னய்யா பண்ணுவோம்?"

"காலைக் கட்டுவோம்!" என்றது சபை ஒரே குரலில்.

நீரடிகொப்பாவில் உதைக்காத மாட்டுக்கும் காலைக் கட்டித்தான் கறப்பார்கள். அந்த முன்ஜாக்கிரதை இப்போது வண்டிக்கும் வந்தது. பன்னிரண்டு பால் வண்டிகளின் முன் பிரேக் லீவர்களும் கழற்றப்பட்டு, அலுவலக அலமாரியில், பால்மானிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டப்பட்டன. ஆயுத பூஜை அன்று அவற்றுக்குக் குங்குமம் வைத்து ஆரத்தி எடுத்தார்கள். ‘வணங்கலாம், தொடலாகாது’ என்று கௌடர் உரையாற்றினார். வாசலில் பலகை ஏறியது: ‘முன் பிரேக் இல்லாத முதல் சங்கம்’.

தம்மையா முதல் மாதம் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் ஓட்டினான். நாலு கேன் பால், அடைமழை, பலாமரத் திருப்பம். பின் பிரேக்கை மிதித்தான். பின் சக்கரம் அவனை முந்திக்கொண்டு பள்ளத்தை எட்டிப் பார்த்தது. இரண்டு கேன்கள் உருண்டு போயின. தம்மையா ஒரு காப்பிச் செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினான். பாலை அவமதித்ததற்குச் சங்கம் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியது. காப்பிச் செடி ஒன்றும் கேட்கவில்லை.

அன்று வீட்டில் அவன் மனைவி ஜலஜா, தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"வேலை போனா வேற வேலை. நீ போனா நான் எங்கே போய்த் தேடுவேன்?"

"வேலையும் போகாம, நானும் போகாம ஒரு வழி இருக்கு."

மறுநாள் பழைய இரும்புக் கடையிலிருந்து செத்துப்போன வண்டி ஒன்றின் லீவரை வாங்கி, அலமாரியைத் திறந்த ஐதாளர் கவனிக்காதபோது அதை உள்ளே போட்டு, "இது கொஞ்சம் துரு பிடிச்சிருக்கு, துடைச்சுத் தரேன்" என்று தன்னுடையதை எடுத்து வந்தான். ஐதாளர் எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு. எண்ணிக்கை சரியாக இருந்தால் உலகமே சரியாக இருப்பதாக நம்புகிறவர் அவர். துடைக்கப் போன லீவரைப் பற்றிப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு லீவர் தம்மையாவின் டிபன் டப்பாவில், அரிசி மாவில் சுட்ட அக்கி ரொட்டிக்கு அடியில் பயணம் செய்தது. ஊர் எல்லை தாண்டியதும் மாட்டுவான். திரும்பி வரும்போது கழற்றுவான். ரொட்டியில் கிரீஸ் வாசனை அடித்தது. ஆனாலும் வீடு வந்து சேர்ந்து சாப்பிடுகிற ரொட்டி அது என்பதால் அவன் குறை சொல்லவில்லை.

ஒரு வருடம் ஓடியது. மற்ற பதினோரு பேரும் சேர்ந்து இருபத்தாறு முறை விழுந்தார்கள். ஐதாளரின் குறிப்பேட்டில் இவை ‘விழுதல்’ அல்ல, ‘ஓட்டுநர் முன்னறிவிப்பின்றி இறங்குதல்’. ஒரு கை முறிவு, ‘இறங்கும்போது அவசரம்’. தம்மையா மட்டும் காப்பிச் செடிக்குப் பிறகு ஒரு முறையும் இறங்கவில்லை. ஆகவே முன் பிரேக் இல்லாமையின் வெற்றிக்கு அவனே சாட்சி என்று சங்கம் ஊரறிய மெச்சியது. அவன் படம் கௌடரின் படத்துக்குக் கீழே, விதிப்படி பாதி அளவில் மாட்டப்பட்டது.

அந்தப் புகழ்தான் வினையாக வந்தது. தாலுகா ஊரில் சாலைப் பாதுகாப்பு வார விழா. நீரடிகொப்பாவுக்குக் கேடயம். கௌடரிடம் கார் இருந்தது. ஆனால் காரில் போய்ப் பைக் கேடயம் வாங்குவது போட்டோவில் எடுபடாது.

"தம்மையா, நான் உன் வண்டியிலதான் வரப்போறேன். சங்கத்தோட நம்பிக்கையே உன் பின்னாடி உட்கார்ந்து வர்றதா நினைச்சுக்கோ."

சங்கத்தின் நம்பிக்கை மூன்று கேன் கனம் இருந்தது. மழை தூறியது. கௌடர் குடையை விரித்துக்கொண்டார். ஊர் எல்லை வந்ததும் தம்மையா வண்டியை நிறுத்தினான்.

"ஏன் நிறுத்திட்டே மகராசா?"

"ஒரு வாய் ரொட்டி, கௌடரே. வெறும் வயித்துல இறங்கினா எனக்குத் தலை சுத்தும்."

"சீக்கிரம் தின்னு. கேடயம் காத்துக்கிட்டிருக்கு."

குடை முன்னால் சாய்ந்து கௌடரின் பார்வையை மறைத்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம் தம்மையா டப்பாவைத் திறந்து, ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு, லீவரை மாட்டித் திருகினான். இத்தனை பக்தியோடு யாரும் ரொட்டி தின்றதில்லை.

பலாமரத் திருப்பம் தாண்டியதும், மரம் ஏற்றிய லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே பழுதாகி நின்றது. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் பள்ளம். கௌடர் குடையை விலக்கி லாரியைப் பார்த்தார். ஓராண்டாக அவர் ஊருக்கு உபதேசித்தது அத்தனையும் அந்தக் கணத்தில் அவருக்கு மறந்துபோயிற்று.

"பிடிடா! முன்னாடியதையும் பிடி! முன்னாடி, முன்னாடி!"

தம்மையா வண்டியை நிமிர்த்தினான். காலால் பின்னதை அழுத்தினான். கையால் முன்னதை முதலில் தொட்டு, பிறகு இறுக்கி, இன்னும் இறுக்கினான். கௌடரின் தொப்பை அவன் முதுகில் வந்து அப்பியது. மரக்கட்டைக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது.

கௌடர் மெல்ல எட்டி, வலக் கைப்பிடியைப் பார்த்தார்.

"இது என்னடா?"

"நீங்க கேட்டதுதான், கௌடரே."

மறுநாள் அவசரக் கூட்டம். மேசைமேல் கேடயம். அதற்கு முன் தம்மையா நின்றான். தலைவரின் உயிரைச் சங்க விதிகளுக்குப் புறம்பான முறையில் காப்பாற்றியது குற்றம் எண் ஒன்று. ரொட்டி என்று பொய் சொன்னது குற்றம் எண் இரண்டு. ஆனால் தண்டனை வாசிக்கையில் ஐதாளரின் குரல் தேன் போலக் குழைந்தது:

"தம்மையா இனி பால் வண்டி ஓட்டக் கூடாது. அந்த வழி அவன் மைத்துனன் புட்டய்யாவுக்குக் கொடுக்கப்படுகிறது. தம்மையா இன்று முதல் தலைவரின் சொந்த ஓட்டுநர். தலைவர் ஏறும் வண்டிக்கு மட்டும், பதவியின் கௌரவம் கருதி, முன் பிரேக் அனுமதிக்கப்படுகிறது. மற்ற வண்டிகளுக்குத் தீர்மானம் அப்படியே தொடரும்."

சபை கை தட்டியது. புட்டய்யா தட்டவில்லை. அவனுக்கு இருபத்திரண்டு வயது. அக்கா ஜலஜாவின் திருமணத்தில் தம்மையாவின் செருப்பை ஒளித்துவைத்தவன். வாசலில் நாலு கேன் கட்டிய வேறொரு வண்டி, முன் லீவர் இல்லாமல், அவனுக்காக நின்றது. அவன் அதன் வலக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் திருட்டு லீவரை ஒரு வருடம் தனக்கு மட்டும் ஒளித்து வைத்தோமே, பதினோரு பேர் விழுந்தபோது படத்தில் சிரித்துக்கொண்டிருந்தோமே என்று தம்மையாவுக்கு வெட்கமாக இருந்தது.

அவன் வெளியே போனான். இனி தலைவர் ஏறப்போகும் தன் வண்டியிலிருந்து லீவரைக் கழற்றினான். எல்லோரும் பார்க்கப் புட்டய்யாவின் வண்டியில் மாட்டினான்.

"தம்மையா! அது சங்கத்துச் சொத்து!" என்று ஐதாளர் கத்தினார்.

"சங்கத்துது அலமாரியில இருக்கு, ஐதாளரே. எண்ணிப் பாருங்க, பன்னிரண்டு சரியா இருக்கும்." பிறகு புட்டய்யாவிடம் சொன்னான்: "காம்பு பிடிக்கிற மாதிரி பிடி. வெடுக்குனு இழுக்காதே. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடு."

"சரி, பாவா."

புட்டய்யா கிளம்பினான். தம்மையா தன் வண்டியை உதைத்துக் கிளப்பி, பின் இருக்கையைத் துண்டால் துடைத்தான்.

"ஏறுங்க, கௌடரே."

கௌடர் வலக் கைப்பிடியைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. அவரே கொண்டுவந்த பழைய தீர்மானத்துக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்திச் சுத்தமாக இருந்தது.

"இன்னிக்கு... இன்னிக்கு வேண்டாம். முதுகு கொஞ்சம் பிடிச்சிருக்கு."

"நாளைக்கு?"

கௌடர் சாலையை நோக்கி நடந்தார். வாசலில் வரிசையாக நின்ற பதினோரு பால்காரர்களும் வழி விட்டார்கள். பலகைக்குக் கீழே தாலுகா ஊர் பஸ் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்த தலைவர், ஏறாமல் நின்று, டிரைவரிடம் மெல்லத்தான் கேட்டார். ஆனால் பதினோரு பேருக்கும் கேட்டது.

"ஏன்ப்பா, முன் பிரேக் நல்லாப் பிடிக்குதா?"