பூதக்கண்ணாடி அண்ணை சோதித்த நீலக்கல்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இதுவரை ஒருவரிடமும் ஏமாறாத ஒரே தமிழன் பூதக்கண்ணாடி அண்ணைதான். ஏமாற வேண்டுமென்றால் முதலில் யாரையாவது நம்ப வேண்டும். அந்தப் பழக்கம் அவரிடம் இல்லை.

நான் குடியிருந்த கட்டடத்தின் ஆறாம் மாடியில் அவருடைய அறை. முதன்முதலில் பெயர் கேட்டபோது, "ஏன், எதுக்குக் கேக்கிறீர்?" என்றார். தபால் பெட்டியிலும் பெயர் இல்லை. அவருடைய சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். ஊர் அதையே பெயராக வைத்துவிட்டது.

மரக்கறிக் கடையில் கத்தரிக்காயை அந்தக் கண்ணாடியால் பார்ப்பார். சாப்பாட்டுக் கடையில் வடையை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியைப் பரிமாறுகிறவரிடம் நீட்டி, "நீர் முதல் சாப்பிடும்" என்பார். ஒருமுறை இரண்டாம் இலக்க மெத்ரோ ரயிலில் டிக்கெட் பரிசோதகர்கள் ஏறி இவருடைய பயண அட்டையைக் கேட்டார்கள். இவர் முதலில் அவர்களுடைய அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். வாங்கி, படத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்தார். மூன்று ஸ்டேஷன் கழிந்தது. கடைசியில் அவர்கள்தான் அட்டையைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

இப்படிப்பட்டவரை நானாகத் தேடிப் போனதற்குக் காரணம் ஆன்யெஸ். பாரிஸில் பிறந்த பாண்டிச்சேரிக் குடும்பத்துப் பெண். வீடு பாரிஸுக்கு வெளியே திரான்சியில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் விருந்து. அங்கே அவளுடைய அப்பா முன்னால் நான் மோதிரம் கொடுத்துச் சம்மதம் கேட்பதாக ஏற்பாடு.

"வைரம் வேணாம். அதுக்கு நீ கடன் வாங்கினா எனக்குத் தெரிஞ்சிடும்" என்று அவள் சொல்லியிருந்தாள். "நீலக்கல்லு வாங்கு. சின்னதா இருந்தாலும் நிஜமா இருக்கணும். அப்பா கண்டிப்பா பார்ப்பாரு."

அப்பா ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. ஆயுள் முழுக்க மற்றவர்களின் பெட்டியைக் கிளறியவர். கல் போலி என்றால் மாப்பிள்ளையும் போலி என்று ஃபைலை மூடிவிடுவார். என்னிடம் இருந்ததோ ஒரு மாதச் சம்பளத்தில் பாதி.

செவ்வாய்க்கிழமை அண்ணையைக் கூட்டிக்கொண்டு நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று நீலக்கற்களை வெல்வெட் தட்டில் வைத்தார். அண்ணை பூதக்கண்ணாடியை எடுத்து முதலில் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"கல்லைப் பாருங்கோ அண்ணை. என்னை ஏன் பாக்கிறியள்?"

"விக்கிறது நீர்தானே."

முதல் கல் பெரியது, கருநீலம், விலையும் என் கைக்குள் இருந்தது. நான் மயங்கிவிட்டேன். அண்ணை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதிலை ஒரு பழுதும் இல்லை தம்பி. அதுதான் பிழை. மண்ணுக்குள்ளை கிடந்த கல்லுக்கு ஒரு காயமும் வராதோ? இது மெசினுக்குள்ளை பிறந்தது."

"ஓம், செயற்கைக் கல்லுத்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றார் கடைக்காரர், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டாவது கல்லின் விலையைக் கேட்டவுடன் நானே தட்டை நகர்த்திவிட்டேன். மூன்றாவது சின்னது, வெளிர்நீலம். உள்ளே மயிரிழை போல ஒரு கோடு. அதனால்தான் விலை குறைவு, மற்றப்படி அசல் இலங்கைக் கல் என்றார் கடைக்காரர். "இலங்கையிலை இருந்து வந்தனான் எண்டு கல்லு உமக்குச் சொன்னதோ?" என்று அண்ணை கேட்டார். அதன்பிறகு கால்மணி நேரம் பார்த்துவிட்டு, "வாங்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் வாயில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் காசைக் கட்டினேன். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கல்லைக் கொண்டுவந்தால் அன்றைக்கே மோதிரத்தில் பதித்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார்.

கொண்டுவந்தால் என்றது ஏனென்றால், அண்ணை கல்லை விட்டுவிட்டு வர மறுத்துவிட்டார். "நீலம் சனியின்ரை கல்லு. எல்லாருக்கும் ஒத்து வராது. மூண்டு இரவு தலையணைக்குக் கீழை வைச்சுப் பாக்கோணும். கெட்ட கனவு வந்தால் திருப்பிக் குடுத்திட வேணும்."

"சரி அண்ணை, வைத்துப் பார்க்கிறேன்."

"நீர் வைக்கேலாது. காதலிக்கிறவன் என்ன கனவு கண்டாலும் நல்ல கனவு எண்டுதான் சொல்லுவான்."

அண்ணை கல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை போன் எடுத்தேன். பதில் இல்லை. வெள்ளிக்கிழமை பத்துத் தடவை எடுத்தேன்; மேலே போய்க் கதவைத் தட்டியும் திறக்கவில்லை. அவர் பாத்திரம் கழுவும் உணவகத்துக்குப் போய் விசாரித்தால், "ரெண்டு நாளா ஆளைக் காணேல்லை. இவ்வளவு வருசத்திலை ஒரு நாள் பிந்தினதுகூட இல்லை" என்றார் முதலாளி.

ஊரில் எல்லோரையும் கள்ளன் என்கிற மனிதர் ஏன் அப்படிச் சொல்கிறார்? தொழில் தெரிந்தவராக இருக்கலாமல்லவா? பொலிசுக்குப் போகலாம் என்றால் என்ன பெயரில் முறைப்பாடு எழுதுவது? பூதக்கண்ணாடி அண்ணை என்றா?

சனிக்கிழமை காலை மறுபடி ஆறு மாடியும் ஏறினேன். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வசவு தயார் செய்துகொண்டேன். கதவை நான் இடித்த இடியில் எதிர் அறைக்காரி தலையை நீட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு பூட்டுத் திறந்தது. இன்னொன்று. மூன்றாவது. நான்காவது. இடுப்பில் சாரமும் கலைந்த தலையுமாக, கன்னத்தில் தலையணைச் சுருக்கத்தோடு அண்ணை நின்றார்.

"என்ன, வியாழன் விடிஞ்சிட்டுதோ?"

"இன்றைக்குச் சனி அண்ணை!"

அவர் முகம் வெளிறிப்போனது. என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். "தம்பி, எனக்கு இது சரியாப் படேல்லை."

"கெட்ட கனவா?"

"நல்ல நித்திரை." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பிரான்சுக்கு வந்த நாளிலை இருந்து ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பிப் பூட்டைப் பாக்கிறனான். இந்தக் கல்லை வைச்ச நாளிலை இருந்து ஒரு இரவும் எழும்பேல்லை. பகலிலையும் படுத்திருக்கிறன். அந்தக் கல்லிலை என்னமோ இருக்கு."

காகிதத்தைப் பிரித்துக் கல்லை என் உள்ளங்கையில் வைத்தார். பூதக்கண்ணாடியையும் நீட்டினார். "அதே கல்லுத்தானோ எண்டு பாரும்."

"எதற்கு அண்ணை? உங்களில் எனக்கு நம்பிக்கை..."

"பொய். நான் மாத்திப்போட்டன் எண்டு நினைச்சுத்தானே ஆறு மாடி ஏறி வந்தனீர்? பாரும்."

பார்த்தேன். மயிரிழைக் கோடு அங்கேதான் இருந்தது. எனக்கு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"நானெண்டாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன்" என்றார் அவர், கொஞ்சமும் கோபமில்லாமல்.

மறுநாள் திரான்சியில் ஆன்யெஸின் அப்பா மோதிரத்தை ஜன்னலடிக்குக் கொண்டுபோனார். "உள்ள ஒரு கோடு தெரியுதே?" என்றார். காயமில்லாத கல் மெஷினில் பிறந்தது என்று அண்ணை சொன்னதைச் சொன்னேன். மனிதர் முதல்தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "சொன்னவரு விவரமான ஆளு" என்று மோதிரத்தை மகளிடம் கொடுத்தார். ஆன்யெஸ் அதற்குள் விரலை நீட்டிவிட்டிருந்தாள்.

இப்போது நாங்கள் திரான்சிக்குப் பக்கத்து ஊரான பொண்டியில் இருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை சாப்பிட வருவார். அவர் வரவில்லை என்றால் எனக்கு அந்த ஞாயிறு ஞாயிறாகவே இருப்பதில்லை. முதல் தடவை வந்தபோது, சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் உட்கார்ந்தவரிடம் ஆன்யெஸ் மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள். "அண்ணா, தலகாணிக்குக் கீழ வச்சுக்கிறீங்களா?"

"வேண்டாம் பிள்ளை. உம்மடை கையிலையே இருக்கட்டும்" என்றார். கால்களை நீட்டினார். ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அவர் எழும்பும்வரை நாங்கள் இருவரும் குசினிக்குள் அடுப்படியில் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருப்போம்.