பால்வண்ணநாதனின் குதிகால் வலி

பால்வண்ணநாதன் மாத்திரையைக் கண்டாலே நடுங்குவார். புலியென்றால்கூட ஓடிப் பிழைக்கலாம். வயிற்றுக்குள் போனதை விட்டு எங்கே ஓடுவது?

அந்தச் சாரல் காலத்தில் மனுசருக்கு மூத்திரக் கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்து தொலைத்தன. தென்காசி டாக்டர், புதிதாய் வந்திருந்த நார்ஃப்ளாக்ஸசின் எழுதிக்கொடுத்தார்.

"கிருமி பெருகணும்னா தனக்குள்ள இருக்க மரபணு நூலை முறுக்கவிழ்க்கணும். அதை இந்த மாத்திரை தடுத்துரும். பாலோட முழுங்காதீங்க, மருந்து உடம்புல சேராது. காய்ச்சல் விட்டாலும் நிறுத்தாதீங்க. குதிகால் நரம்பு வலிச்சா மட்டும் நிறுத்திட்டு உடனே வாங்க."

போச்சு! கிருமிக்கு நூல் இருந்தால் நமக்கும் இருக்குமே, அது அந்துபோனால்? காய்ச்சல் விட்டதும் பால்வண்ணநாதன் துணிந்து ஒரு முடிவெடுத்தார்.

"ஏட்டி நாச்சியாரு! குதிகால் வலி உயிர் போவுதுடி!"

அடுக்களையிலிருந்து மனைவி ஓடிவந்தாள். "எந்தக் காலு?"

"வலது."

"இடது காலையில்லா தடவுதீய?"

"அது... அங்கனயும் பரவிட்டு."

நாச்சியார் மாத்திரை அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"கிளம்புங்க, டாக்டர்ட்ட போவோம்."

"எதுக்கு? மாத்திரையை நிறுத்துனாப் போதும்லா?"

"நல்லாருக்கே! பாதியில விட்டா மிஞ்சுன கிருமி கிட்னிக்கு ஏறுமாம். பெறவு இந்த மாத்திரைக்கே மசியாதாம். மாத்திரை ஒத்துக்கலைன்னா வேற மருந்து, அதுவும் ஊசிதானாம்."

ஊசியா! வழியெல்லாம் பால்வண்ணநாதனுக்குக் கால் பின்னியது. இப்போது நிஜமாகவே நொண்டினார்.

டாக்டர் அறையில் நுழைந்தால், மூலையில் நர்ஸ் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறாள். அவருக்கு வேர்த்து ஊற்றியது.

"ஐயா, வலியே இல்லை! பொய் சொன்னேன்! முழு மாத்திரையும் முழுங்கிருதேன், என்னை விட்டுருங்க!"

டாக்டர் நம்பவில்லை. ரெண்டு குதிகாலையும் அமுக்கிப் பார்த்தார், பாதத்தை மடக்கிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. தாராளமா சாப்பிடலாம்."

நாச்சியார் பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினாள். தண்ணீரோடு மடக்கென்று விழுங்கினார். அப்படியும் நர்ஸ் ஊசியோடு இங்கனயே வருகிறாள்!

"அதான் முழுங்கிட்டேனம்மா!" என்று சுவரோடு ஒண்டினார் பால்வண்ணநாதன்.

"செத்த தள்ளி நில்லுங்க," என்று கையை நீட்டினாள் நாச்சியார். "ஊசி எனக்கு. காலையில அரிவாமணை கையை வெட்டிட்டு, ஊசி போட வாரேன்னு டாக்டர்ட்ட அப்பமே சொல்லிவிட்டிருந்தேன்."